மதினியின் மாத்திரை மணி

என் தமையனார் வீட்டில் மணியடிக்கும் மேசைக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. தலையில் இரண்டு பித்தளைக் கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கும். அவற்றின் நடுவே ஒரு சிறு சுத்தியல். சுத்தியலுக்குப் பின்னால் ஒரு குமிழ். குமிழ் மேலெழுந்திருந்தால் குறித்த வேளையில் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி அடிக்கும். அழுத்திவிட்டால் அடிக்காது. அந்தக் குமிழைத் தமையனாரின் கட்டைவிரல் அழுத்தும்போது எழுந்த சிற்றொலி இன்றும் என் செவியில் இருக்கிறது. பாக்குவெட்டியின் வாய் மூடுவதைப் போன்ற ஒலி. அழுத்திய கையோடு அவர் வாசற்பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க, வாங்க" என்பார். உள்ளறைக் கட்டிலில் கிடந்த அவர் மனைவிக்கு அவ்வொலியின் பொருள் தெரியும். வந்தவர்கள் போகும்வரை அவருக்கு மருந்து கிடையாது.

தமையன் மனைவியை மதினி என்றழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி நடத்திய என் தமையனாருக்கு வாழ்க்கைப்பட்டுத் தென்காசிக்கு வந்த நாள் முதலாக மதினியின் வாய்க்கு எங்கள் தெரு அஞ்சியே நடந்தது. தண்ணீர் கலந்த பாலை அவர் வீட்டு வாசலில் ஊற்றும் துணிவு எந்தப் பால்காரருக்கும் வந்ததில்லை. அவ்வளவு கூரிய நாவுடையவர் தம் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசியதில்லை. மார்பில் கட்டி தோன்றிப் பல மாதங்கள் கழிந்த பிறகே வெளியில் சொன்னார். அறுவையும் அதைத் தொடர்ந்த மருத்துவமும் திருநெல்வேலியில் நடந்தன. சில ஆண்டுகள் நோய் அடங்கிக் கிடந்தது. பின்னர் முதுகெலும்பில் தலைகாட்டியது. எலும்பில் இறங்கிய புற்று தரும் வலியை நான் இங்கே வருணிக்கப் போவதில்லை. வருணித்தால் இரங்குவீர்கள்; இரக்கத்தால் எவருக்கும் வலி குறைந்ததை நான் கண்டதில்லை.

வலியைத் தணிப்பதற்கென்றே பயின்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அத்துறையை நோய்தணிப்பு மருத்துவம் என்று நான் சொல்வேன். மருத்துவமனைப் பலகைகள் பாலியேட்டிவ் என்கின்றன. நோயை வேரறுக்க இயலாத நிலையிலும், வேரறுக்க முயன்றுகொண்டிருக்கும் நிலையிலும், நோயாளியின் வலி, மூச்சுமுட்டல், குமட்டல், உறக்கமின்மை, அச்சம் ஆகியவற்றை ஆற்றுவது அதன் பணி. எங்கள் சுற்றத்தாரிடம் அதைப் பற்றி ஒரே ஒரு கருத்துத்தான் இருந்தது: கைவிடப்பட்டவர்களை அனுப்பும் இடம். சுற்றத்தாரை விடுங்கள். எங்கள் குடும்ப மருத்துவரே, நாங்கள் அங்கே போகவிருப்பதைக் கேட்டு, "அங்கனயா போறீய? அதுக்கு இன்னும் காலம் இருக்கே" என்றார். சுவரில் சட்டமிட்டுத் தொங்கிய பட்டங்களுள் ஒன்றுகூட அவரை அப்படிப் பேசாமல் தடுக்கவில்லை.

ஆயினும் போனோம். மதினியின் மருமகள் பிடிவாதக்காரி. அவள்தான் முன்பதிவு செய்து வண்டியும் அமர்த்தினாள். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. வலி எப்படி இருக்கிறது என்று மதினியை நோக்கிக் கேட்டார். விடை தமையனாரிடமிருந்து வந்தது.

"அவளுக்கு அவ்வளவா வலி இல்ல டாக்டர். தாங்கிக்கிடுவா."

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, வலி உங்களுக்கா, அவங்களுக்கா?"

சந்தையில் ஒரு சொல்லால் வெங்காயத்தின் விலையைத் தீர்மானித்துப் பழகியவர் என் தமையனார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியே இல்லையென்றால் சுழி, தாங்கவே முடியாவிட்டால் பத்து; இப்போது எத்தனை என்று மருத்துவர் மதினியிடம் கேட்டார்.

"கூட்டிச் சொல்லணுமா, கொறச்சுச் சொல்லணுமா?"

"உள்ளதச் சொல்லுங்க ஆச்சி."

"உள்ளதுன்னா எட்டு. இவிய பக்கத்துல இருந்தா அஞ்சும்பேன்."

அன்று அம்மருத்துவர் சொன்னவற்றை நான் மாணவனைப் போலக் கேட்டேன். வலியின் அளவை அறிந்தவர் ஒருவரே, அவர் அதை உடையவர். கணவரோ மகனோ மருத்துவரோ அதை மதிப்பிட முடியாது. கடும்புற்று வலிக்கு மார்ஃபின் மாத்திரை தருவது மருத்துவ உலகம் நன்கறிந்து கையாளும் முறை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருப்பது மடமை, ஏனெனில் தலைதூக்கிவிட்ட வலியை அடக்க மிகுதியான மருந்து வேண்டியிருக்கும். இடையில் வலி பீறிட்டால் அதற்கெனத் தனியே ஒரு வேளை உண்டு. முதல் சில நாள்கள் உறக்கம் வரும், குமட்டலும் வரலாம். பெரும்பாலும் அவை தாமே விலகும். மலச்சிக்கல் விலகாது, ஆகவே அதற்கான மருந்தைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக உண்பவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை; ஆனால் உடல் அம்மருந்துக்குப் பழகிவிடுவதால் கேளாமல் திடீரென நிறுத்தவும் கூடாது. கடைசிக் காலத்துக்கென்று சேமித்து வைக்கும் பொருளும் அன்று அது. வலி கூடினால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். இவை அனைத்தையும் தமையனாரும் கேட்டார். அவர் செவியில் எந்தக் குறையும் இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

திரும்பும் வழியில் தென்காசிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொல்லி மருமகள் வாங்கியதுதான் அந்தக் கடிகாரம். கைபேசியிலேயே மணி வைக்கலாமே என்றேன். கைபேசியைப் பேரப்பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், இது மதினியின் தலைமாட்டிலேயே இருக்கும் என்றாள்.

மருத்துவர் சொன்னபடியே முதல் சில நாள்கள் மதினி உறங்கிக் கிடந்தார். சுரண்டையில் வாழ்க்கைப்பட்ட எங்கள் தங்கை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து, என்னமோ கொடுத்து மயக்கிப் போட்டுவிட்டார்கள் என்று அழுதாள். அவள் அழுது முடிப்பதற்குள் மதினிக்கு உறக்கம் தெளிந்துவிட்டது. ஒரு காலையில் நான் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, காப்பியில் சீனி போதவில்லை என்று மருமகளை வைதுகொண்டிருந்தார். பல மாதங்களாக அந்த வீட்டில் வசைச்சொல் கேட்கவில்லை. அன்று கேட்டது எனக்கு இசையாகவே இருந்தது. இப்போது எத்தனை என்று கேட்டேன். "ரெண்டு. உங்க அண்ணன் வந்தா மூணு" என்றார்.

பிறகு ஆனி பிறந்தது. சாரலும் வந்தது.

தென்காசியில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் செய்த பிழை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் சாரல் காலத்தில் அதற்குத் தண்டனை அனுபவிக்கிறோம். குற்றாலத்தில் நீர் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி பரவியதும், எஞ்சிய காலமெல்லாம் நம்மை மறந்திருந்த உறவுகளுக்கு நம் நினைவு பொங்கும். அவ்வாண்டு அவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி கிடைத்தது. அருவிக்குப் போகிறோம் என்று சொல்லத் தேவையில்லை. நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் ஐந்தருவியிலோ பேரருவியிலோ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பசியோடு வந்து இறங்குவார்கள். மதினிக்கு ஆப்பிளும் சத்துமாவுப் புட்டியும். தங்களுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும். நோயாளிக்கு மங்குஸ்தான் பிடிக்குமா என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு தலைக்குள்ளும் நுழையவில்லை. வெளியே தூறிக்கொண்டே இருப்பதால் ஈரத்துணி காயாது. வீட்டில் இடைவிடாமல் மின்விசிறி சுழலும் அறை மதினியின் அறை. ஆகவே சன்னல் கம்பியிலிருந்து நாள்காட்டி மாட்டிய ஆணிக்கு ஒரு கயிறு கட்டப்பட்டது. முதுகெலும்பு அரிக்கப்பட்டுக் கிடந்த ஒரு பெண்ணின் கட்டிலுக்கு மேலே, அவரை நலம் கேட்க வந்தவர்களின் துண்டுகளும் உள்பாவாடைகளும் கால்சட்டைகளும் வரிசையாக ஆடின. நான் ஒருமுறை அக்கயிற்றை அறுத்தேன். மறுநாள் அதைவிடத் தடித்த கயிறு ஒன்று இருந்தது.

இதையும் பொறுத்திருக்கலாம். பொறுக்க இயலாதது குமிழ். சாரலின் முதல் வருகையாளராக எங்கள் தங்கை வந்திருந்தபோது மணி அடித்தது. மருமகள் மாத்திரையோடு வந்தாள். அது என்ன மாத்திரை என்று தங்கை கேட்டாள். சொன்னதும், "அது சாவப்போறவங்களுக்குக் குடுக்கதுல்லா?" என்று, மதினிக்கு நன்கு கேட்கும் குரலில், மதினியைப் பற்றிய கவலையோடு சொன்னாள். மதினி அதைக் கேட்டும் மாத்திரையை விழுங்கினார். தமையனாரால் விழுங்க முடியவில்லை. மனைவிக்குப் போதை மருந்து கொடுக்கிறவர் என்று சுரண்டை வரையில் பேச்சாகிவிடுமே என்று மருகினார். அடுத்த விருந்தினர் வந்தபோது குமிழ் அழுந்தியது. மருமகள் மணியை நம்பாமல் நேரம் பார்த்து மாத்திரை எடுக்கப் போனாள். மாத்திரை இருந்த இடத்தில் இல்லை. தமையனாரின் சட்டைப்பையில், மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. வந்தவர்கள் உண்டு, உறங்கி, காய்ந்ததும் காயாததுமான துணிகளைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட பிறகே அது வெளியில் வந்தது. காலை பத்து மணி வேளையும் பிற்பகல் இரண்டு மணி வேளையும் சாரலோடு போயின. ஏறத்தாழ அன்றாடம் யாராவது வந்தார்கள்.

தமையனாரிடம் நான் பேசினேன். இரண்டு வேளை தவறினால் வலி பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று மருத்துவர் சொன்னதை நினைவூட்டினேன். "நீ காலேஜில பாடம் எடுத்தவன். வீட்டுக்கு வந்தவங்க முன்னால மானம் போனா என்னன்னு உனக்குத் தெரியாது" என்றார். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, கருவியை அவர் கையில் கொடுத்தேன். அந்த அம்மையார் நெடுநேரம் பேசினார். இவர், "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். ஆகட்டும் என்பது எங்கள் ஊரில் மறுப்பின் மரியாதையான வடிவம். மதினியிடமே, வாய்விட்டுக் கேளுங்கள் என்று சொன்னேன். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. மின்விசிறிக் காற்றில் யாருடைய துண்டோ அவர் முகத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"கேட்டாக் குடுப்பாவ தம்பி. குடுத்துட்டு, நான் கேட்டதையே ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவாவ. அதுக்கு வலி தேவல."

எங்கள் குடும்பத்தில் மதினியின் பொறுமை ஒரு சொத்தைப் போலப் பாதுகாக்கப்பட்டு வந்தது. சொத்துக்கு உரியவர் அவர் அல்லர். எடுத்துப் பயன்படுத்தியவர்கள் நாங்கள். தலைப்பிள்ளை பெற்றபோது அவர் முனகவும் இல்லை என்ற கதையை எங்கள் தங்கை ஒவ்வொரு திருமண வீட்டிலும் சொல்வாள். கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டியபோது பந்தி முடியும்வரை பரிமாறினார் என்பது இன்னொரு கதை. இக்கதைகளைச் சொன்னவர்களுக்கு ஒருநாளும் எதுவும் வலித்ததில்லை. பிறர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்துப் புல்லரிப்பவர்களை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். தமக்கு ஒரு பல்வலி என்றால் பக்கத்து ஊர் வரை அவர்கள் குரல் கேட்கும். ஒருவரைப் பொறுமைசாலி என்று போற்றுவதில் ஒரு வசதி உண்டு: போற்றியபின் அவருக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. சுரண்டையிலிருந்து தங்கை ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தாள். அவளுடைய சம்பந்தி வீட்டார் முதன்முறையாக வருகிறார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். வாசலில் வேன் நின்றதும் குமிழ் அழுந்தியதை நான் கூடத்திலிருந்தே கேட்டேன். ஈரத்துணிகள் மதினியின் அறைக்குள் போயின. அன்று கயிறு கொள்ளவில்லை; இரண்டு வேட்டிகள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் விரிக்கப்பட்டன. அவற்றிலிருந்து தரையில் நீர் சொட்டிற்று. மருமகள் அடுக்களையில் அத்தனை பேருக்கும் சமைத்துக்கொண்டிருந்தாள். தங்கை கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தாள். அவள் அமர்ந்ததும் கட்டில் அசைந்தது. மதினியின் உதடு வெளுத்ததை நான் கதவருகே நின்று பார்த்தேன். தங்கை பார்க்கவில்லை, அவள் சம்பந்தியம்மாளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க மதினி மாதிரி பொறுமை ஒருத்திக்கும் வராது பாத்துக்கிடுங்க. தலைப்பிள்ளை பெத்தப்ப அடுத்த வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. வாயத் தொறக்கல."

சம்பந்தியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார், கோயிலில் நிற்பவரைப் போல.

காப்பியோடு வந்த மருமகளிடம் மதினி, "அந்த மணிய இங்கன எடு" என்றார். அவள் எடுத்து அவர் மடியில் வைத்தாள். மதினி குமிழை மேலே இழுத்தார். பின்புறத்துத் திருகைப் பிடித்து, அடிக்கும் வேளையைக் குறிக்கும் முள்ளை மணிமுள்ளுக்கு நேரே மெல்லத் திருப்பினார். என்ன செய்கிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

கடிகாரம் அடிக்கத் தொடங்கியது.

அது முழுமையாகச் சாவி கொடுக்கப்பட்டிருந்தது. மருமகள் காலைதோறும் அதைத் தவறாமல் முறுக்கி வைத்திருந்தாள், பகலில் அடிக்க விடப்படாவிட்டாலும். இத்தனை நாள் அடக்கப்பட்ட அத்தனை மணியையும் அது ஒரே மூச்சில் அடித்தது. தங்கையின் வாய் அசைந்தது, பேச்சுக் கேட்கவில்லை. கூடத்திலிருந்து தமையனார் விரைந்து வந்து, பழகிய கட்டைவிரலை நீட்டினார். மதினி கடிகாரத்தைத் தம் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அதைப் பிடுங்கும் துணிவு தமையனாருக்கு இல்லை, சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கு இறங்கும்வரை அடித்து, கடைசியில் தடுமாறி, ஒற்றை ஒற்றையாக இரண்டு அடி அடித்து நின்றது. அதன்பின் வேட்டியிலிருந்து சொட்டும் நீரின் ஒலி மட்டும் கேட்டது.

மதினி தங்கையைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"ஏட்டி, நான் அன்னைக்கு வாயத் தொறக்காதது பொறுமையில இல்ல. தொறந்தா உங்கம்மா வைவா. இன்னைக்கு வைய ஆளில்ல."

பிறகு தமையனாரைப் பார்த்தார். "பையில வச்சிருக்கத எடுங்க. எனக்கு வலிக்குது."

அந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலம் முழுவதிலும் அச்சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தமையனார் சட்டைப்பைக்குள் கையை விட்டார். மாத்திரை அட்டை மூக்குக்கண்ணாடியில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. இரண்டையும் சேர்த்து இழுத்ததில் கண்ணாடி கீழே விழுந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் அதைக் குனிந்தெடுத்துக் கொடுத்தவாறே, உண்மையான வியப்போடு, "மருந்தையா அண்ணாச்சி பையில வச்சிருந்தீய?" என்று கேட்டார். எந்த மானத்தைக் காக்க மருந்து பையில் இருந்ததோ, அந்த மானம் அந்த ஒரு கேள்வியில் போயிற்று. மனைவியின் வலியைவிட அது அவருக்குக் கடுமையாக வலித்திருக்கும்; முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

மதினி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். "அப்புறம், இந்தத் துணியெல்லாம் எடுத்துட்டுப் போங்க. இது அருவிக்கரை இல்ல" என்றார்.

எடுத்துக்கொண்டு போனார்கள். சாப்பிடாமல் போய்விடவில்லை, சாப்பிட்டுவிட்டே போனார்கள். இலையில் அமர்ந்தபின் எழுந்து போகுமளவுக்குத் தன்மானமுள்ள உறவினரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

மாத்திரை அட்டை மருமகளின் பொறுப்புக்குத் திரும்பியது. அவ்வாரமே மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். தவறிய வேளைகளால் கிளர்ந்திருந்த வலிக்கேற்ப அளவைக் கூட்டினார். சில நாளில் மதினி மீண்டும் "ரெண்டு" என்றார். அதன்பின் வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு மிகுதியாக உண்டு. வலி நீங்கிய மனிதர் என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்கு: மதினி மருமகளோடு தாயம் ஆடினார், கள்ளாட்டம் ஆடினார், பிடிபட்டபோது மறுத்தார். தொலைக்காட்சித் தொடரில் வரும் மாமியாரை வாயார வைதார். தம் நகைகளில் எது யாருக்கு என்று பிரித்துக் கொடுத்தார். தங்கைக்கு ஒரு மெல்லிய மோதிரம் மட்டும். சாரல் ஓய்ந்து கூட்டம் வடிந்த ஒரு வேலைநாளில் பழைய குற்றாலத்துக்கு வண்டியில் போய், இறங்காமல் உள்ளேயே அமர்ந்து, நூல் நூலாய் விழுந்துகொண்டிருந்த நீரைப் பார்த்தபடி மங்குஸ்தான் தின்றார். "இதக் கொண்டாந்து குடுக்க ஒருத்திக்குத் தோணல பாத்தீயளா" என்றார் என்னிடம். சாவை விரைவுபடுத்தும் என்று அவர்கள் அஞ்சிய மருந்துதான் அவருக்கு இத்தனையும் வாங்கிக் கொடுத்தது. தை மாதத்தில், நோயின் போக்கில், அதிக வேதனையின்றி அடங்கினார். அந்த மாத்திரையால்தான் போனார் என்று பதினாறாம் நாளில் தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் விரலில் மதினியின் மோதிரம் இருந்தது.

இப்போது என் தமையனாருக்கு வருகிறேன். சென்ற ஆண்டு அவர் மார்பின் இடப்பக்கத்தில் அக்கி எழும்பியது. முதலில் காவிமண் குழைத்து எழுதிக்கொண்டார். மருத்துவரிடம் போக வேண்டிய முதல் சில நாள்கள் அந்த ஓவியத்தில் கழிந்தன. கொப்புளங்கள் ஆறின, வலி ஆறவில்லை. நரம்பில் தங்கிவிட்டது. பொறுமையின் பெருமையை ஊருக்கு உரைத்த அந்த வீட்டின் தலைவர் எழுப்பிய ஓலத்தைக் கேட்டுத் தெருவினர் இரண்டு முறை ஓடிவந்தார்கள். மருமகள் அவரை அதே மருத்துவரிடம் அழைத்துப்போனாள். நானும் உடன் போனேன். இத்துறை புற்றுநோயாளருக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர் அன்று அறிந்துகொண்டார். மருத்துவருக்கு அவரை நினைவிருந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார்.

"பத்துக்கு எத்தனை அண்ணாச்சி?"

"பன்னெண்டு."

நரம்பு வலிக்கு மருந்து வேறு. அதையும் வலி வந்தபின் தேடாமல் குறித்த வேளைகளில் தவறாது கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் தமையனார் அலமாரியிலிருந்து அந்தக் கடிகாரத்தைத் தாமே தேடி எடுத்தார். இப்போது மதினியின் கட்டிலில் அவர் கிடக்கிறார். தலைமாட்டில் அது நிற்கிறது. தங்கை தொலைபேசியில் என்னை அழைத்து, "அண்ணன் எம்புட்டுத் தாங்குதாவ பாத்தீயளா" என்கிறாள். பெருமை பாராட்டப் புதிய ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த ஆள் ஒத்துழைப்பதில்லை. நலம் கேட்க வருபவர்களுக்குச் சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டுகிறார். "எனக்கு வலிக்குது" என்று, வந்தவர் செருப்பைக் கழற்றுமுன்பே சொல்கிறார். ஒரு பெண் வாழ்நாளின் கடைசி ஆண்டில் ஒரே ஒருமுறை சொன்ன சொல் அவருக்கு வெற்றிலை எச்சிலைப்போல வாயில் ஊறுகிறது. அவருக்கு மருந்தைத் தராதே என்று ஒருவரும் சொல்லவில்லை; தரக்கூடாது என்று நானும் நினைத்ததில்லை. வலி யாருக்கு வந்தாலும் தணிக்கப்பட வேண்டியதே. அவரிடம் எனக்குள்ள வெறுப்பு அதற்குக் குறுக்கே வருவதில்லை.

இந்தச் சாரலில் ஒருநாள் போயிருந்தேன். கூடத்தில் விருந்தினர்கள் ஈரத் தலையோடு அமர்ந்திருந்தார்கள். அறையில் கயிறு இல்லை; மருமகள் கட்ட விடுவதில்லை. பேச்சுக்கிடையே கடிகாரம் வீறிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். குமிழை அழுத்த ஒருவரும் எழவில்லை. தமையனார் கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

மருமகள் வரவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐயத்தோடு மேசைக் கடிகாரத்தையும் பார்த்தேன். அடுக்களைக்குப் போய் அவளிடம் கேட்டேன். அவள் தோசையைத் திருப்பிப்போட்டபடி மெல்லச் சொன்னாள்.

"மாமாதான் மணி வைக்காவ. முள்ள நெதமும் கொஞ்சம் கொஞ்சமா முன்னால தள்ளுதாவ. நான் செல்போனப் பாத்துத்தான் குடுக்கேன், அவியகிட்டச் சொல்லிராதீய."

நான் சொல்லவில்லை. அறைக்குத் திரும்பி வந்தபோது நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடிகாரம் தன் முறுக்கு இறங்கும்வரை அடித்து ஓய்ந்து, கால் மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.